பதினஞ்சு நாள் சீட்டு

தாராளமா உக்காருங்கம்மா. அவன் இந்தப் பக்கம் சாய மாட்டான். சன்னல் பக்கந்தான் சாய்வான், அதுக்குத்தான் துண்ட மடிச்சு கம்பியில வச்சிருக்கேன். சீக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. கிளம்பும்போது மாத்திரை குடுத்துக் கூட்டியாந்தேன், அந்தத் தூக்கம். நத்தம் வரைக்கும் இப்படியே வந்துருவான். நீங்களும் நத்தந்தானா? நல்லதாப் போச்சு. எறங்கும்போது இந்தப் பையை மட்டும் ஒரு கை பிடிச்சீங்கன்னா போதும்.

என் தம்பிம்மா. கூடப் பொறந்தவன். பிச்சைமணின்னு பேரு. எனக்குப் பின்னால ரெண்டு பிள்ளை எங்கம்மாவுக்குத் தங்கல, மூணாவதா நின்னவன் இவன். அதான் பிச்சைன்னு பேர் வச்சது. நாப்பத்தாறு வயசாகுது. மூணு வயசுல வலிப்பு வந்துச்சு, புத்தி அங்கனயே நின்னு போச்சு. நல்லது கெட்டது தெரியாது. சவரம் பண்ணி விடுறது நான், நகம் வெட்டுறது நான், குளிப்பாட்டுறது நான். சும்மா சொல்லல, கழுத்துக்குப் பின்னாடி பாருங்க, ஒரு பொட்டு அழுக்கு இருக்கா? இருக்காது. எனக்கு அழுக்கு ஆகாது.

இவன ஒரு இல்லத்துல விடத்தான் போய்க்கிட்டு இருக்கேன். ஏன் மூஞ்சிய அப்படி வச்சுக்கிட்டீங்க? எல்லாரும் இப்படித்தான் வச்சுக்கிறாங்க. என் மக சர்மிளா கோயமுத்தூர்ல இருக்கா. பச்சப்பிள்ளைக்காரி, ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க. 'அம்மா நீ வா, மாமா மட்டும் வேணாம்'னு சொல்லிட்டா. அவளையும் குத்தம் சொல்ல முடியாது, அடுக்குமாடியில குடி இருக்கா. நான் என்ன ரெண்டா பிளந்துக்கவா முடியும்? ஆறு வருசம் பாத்தாச்சு. இனி யாராச்சும் பாக்கட்டும். ஆனா நல்ல எடமாப் பாக்கணும். அதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

நாலு இல்லம் பாத்தேம்மா. கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்தேன். நெனச்சா இப்பவும் கொமட்டிக்கிட்டு வருது. உங்களுக்கு பஸ்ல வாந்தி வருமா? வராதுல்ல? அப்பச் சொல்றேன்.

நான் இருவத்திரெண்டு வருசம் சத்துணவு அமைப்பாளரா இருந்தவ. நூத்தி எம்பது பிள்ளைங்க. ஒரு நாள் ஒரு பிள்ளை சோத்துல முடி கெடந்துச்சுன்னு பேச்சு வந்ததில்ல. பிள்ளைங்க சாப்பிடும்போது தட்டுச் சத்தந்தான் கேக்கும், வாய்ச்சத்தம் கேக்காது. ஆய்வுக்கு வந்த ஆபீசரம்மா வெளியில நின்னுக்கிட்டு, 'இங்க பிள்ளைங்க இருக்கா, லீவா'ன்னு கேட்டாங்க. அப்படி வச்சிருந்தேன். அந்தக் கண்ணோட போய்ப் பாத்தா எந்த எடம் தாங்கும்?

மொத எடம் மதுரைக்குள்ளயே. பேரு வேண்டாம். வாசல்ல ரோசாச்செடி, உள்ள மூத்திர நாத்தம். அந்தாளு என்கிட்ட சேவை, தியாகம்னு அரை மணி நேரம் பேசுறாரு, நான் கைக்குட்டைய மூக்குல வச்சவ எடுக்கல. அங்க சன்னல் கம்பியில கயிறு போட்டு ஒரு சீப்பக் கட்டித் தொங்க விட்டிருக்கான். எதுக்குன்னேன். எல்லாருக்கும் அந்த ஒரு சீப்பாம். இருவத்தாறு பேருக்கு. கட்டாம விட்டா தொலைஞ்சு போயிருதாம். கிட்டப் போய்ப் பாத்தேன். அதுல பல்லே தெரியல, முடிதான் தெரிஞ்சுச்சு. முடிக்குள்ள பேன் நடந்து போகுதும்மா, அது பாட்டுக்கு. வீட்டுக்கு வந்து தல முழுகிட்டுத்தான் தண்ணியே குடிச்சேன்.

ரெண்டாவது எடம் திருமங்கலம் தாண்டி. அது இன்னும் கேவலம். நான் போனப்ப மாத்திரை குடுக்கிற நேரம். லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒருத்தன், ஒரே எவர்சில்வர் டப்பாவுல எல்லார் மாத்திரையையும் கொட்டி வச்சிருக்கான். கடலை தின்ன குடுக்கிற மாதிரி ஒவ்வொரு வாயிலயும் போட்டுக்கிட்டே வாரான். ஒரு பெரியவரு துப்பிட்டாரு. கீழ விழுந்தத எடுத்து, லுங்கியில ஒரு தொடை தொடச்சு, திரும்பவும் வாயில திணிச்சான். மூக்கப் பிடிச்சுக்கிட்டு.  மனுசனா நீன்னு கேட்டேன். யாருக்கு எந்த மாத்திரைன்னு எத வச்சுக் குடுக்கிறன்னு கேட்டேன். ஒரு கட்டு மருந்துச் சீட்டக் காட்டுறான். எல்லாம் மூணு வருசத்துக்கு முந்தின சீட்டு. மடிச்ச எடத்துல கிழிஞ்சு, எண்ணெய் பட்டு, எழுத்தே தெரியல. அடப்பாவி, ஒரு லேமினேஷனாவது பண்ணி வைக்கக் கூடாதா?

இந்தா பாருங்க, இது எங்க சீட்டு. ஆறு வருசமாச்சு. நேத்து எழுதுன மாதிரி இருக்கா? சாம்பார் பட்டா தொடச்சுக்கிரலாம், மழையில போகலாம், யாரும் மேல ஒரு கிறுக்கு கிறுக்க முடியாது. எழுதுன டாக்டரு போய்ச் சேந்து மூணு வருசமாச்சு, சீட்டு அப்படியே இருக்கு. மெடிக்கல்ல இதக்கூட கேக்கிறதில்ல, என் முகத்தப் பாத்ததும் பொட்டலத்த எடுத்து வச்சிருவாங்க. வேற டாக்டரப் பாக்கலையான்னு சர்மிளா கேட்டா. எதுக்குப் பாக்கணும்? அவரு கையில எழுதுனது. அவரே இல்லங்கிறப்ப இன்னொருத்தன் வந்து மாத்துறது அவரு மரியாதைக்கு நல்லா இருக்குமா?

மேல இருக்கிறது மூணும் வலிப்புக்கு. கீழ இருக்கிற சின்ன வெள்ளை மாத்திரை, அது அமைதிக்கு. அது எங்கம்மா தவறுனப்ப எழுதுனது. அன்னைக்கு நடந்த கேவலத்த உங்ககிட்டச் சொன்னா என்ன. நடு வீட்டுல கெடத்தியிருக்கு. ஊரே வந்து உக்காந்திருக்கு. இவன் அடுப்படிக்குப் போய்ச் சோத்தப் பெசஞ்சு எடுத்தாந்து, 'அம்மா, சாப்பிடு, அம்மா, சாப்பிடு'ன்னு அது வாயில ஊட்டுறான். வாய்க்கரிசி போடுற நேரத்துல ரசஞ்சோறு. கன்னமெல்லாம் வழியுது. எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டுப் பாக்குறாங்க. எனக்கு அந்த எடத்துலயே நாக்கப் பிடுங்கிக்கிட்டுச் செத்துரலாம் போல இருந்துச்சு. டாக்டர ஆள் விட்டுக் கூட்டியாந்தேன். பதினாறாம் நாள் கருமாதி முடியிற மட்டும் இவன் சும்மா இருக்கணும் டாக்டர்னேன். எழுதிக் குடுத்தாரு.

நல்ல மாத்திரைம்மா. பொணம் எடுத்தது இவனுக்குத் தெரியாது. பால் தெளிச்சது தெரியாது. கருமாதிக்கு மொட்ட போட்டது தெரியாது, காலையில எந்திரிச்சுத் தலையத் தலையத் தடவிப் பாத்தான், அவ்வளவுதான். எல்லாம் முடிஞ்சு சொந்தக்காரங்க கிளம்பிப் போனாங்க. வீட்டப் பாத்தேன். அப்படி ஒரு அமைதி. என் சத்துணவுக்கூடம் மாதிரி இருந்துச்சு. நல்லா இருக்கிறத எதுக்கு நிறுத்தணும்? நிறுத்தல.

விசேஷ நாள்ல அரை கூட வைப்பேன். சர்மிளாவப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒண்ணு கூட. அதெல்லாம் அனுபவத்துல வர்றது, டாக்டருக்குத் தெரியாது. வாழைப்பழத்துக்குள்ள அமுக்கி வச்சுக் குடுத்துருவேன். இவனுக்கு வாழைப்பழம்னா உசிரு. மூக்கப் பிடிக்கிறது, திணிக்கிறது, அந்த அசிங்கமெல்லாம் எங்க வீட்டுல கெடையாது.

என்னம்மா, தண்ணி குடிக்கிறீங்களா? குடிங்க.

மூணாவது எடந்தான் என் வயித்தெரிச்சல். மேலூர்ப் பக்கம். ஜெபராணின்னு ஒருத்தி நடத்துறா. முன்னால நர்சா இருந்தவளாம். போனவுடனே அடுப்படியப் பாத்தேன். அண்டாவக் கவுத்துப் பாத்தேன், சாக்கடைய எட்டிப் பாத்தேன், அரிசிய அள்ளி மோந்து பாத்தேன். குத்தம் ஒண்ணும் சொல்ல முடியல. எனக்கே எரிச்சலாப் போச்சு. ஆளுக்கு ஒரு துண்டு, பேரு தைச்சு. ஆளுக்கு ஒரு சீப்பு. சரி, ஒரு மாசம் விட்டுப் பாப்போம்னு விட்டேன். அதான் நான் பண்ணுன தப்பு.

சீட்ட நீட்டுனேன். வாங்கிப் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. நகத்தால லேமினேஷனச் சொரண்டிப் பாக்குறா, எழுத்து அடியில இருக்கா மேல இருக்கான்னு.

"அக்கா, இந்தக் கடைசி மாத்திரைக்கு நேரே பதினஞ்சு நாள்னு போட்டிருக்கே."

"ஆமா, அது கருமாதிக்கு எழுதுனது"ன்னேன்.

"கருமாதி முடிஞ்சு ஆறு வருசமாச்சேக்கா."

பேச்சப் பாருங்க. எனக்குக் கணக்குத் தெரியாதா? முடிஞ்சது கருமாதிதான, இவன் முடிஞ்சு போனானா? இவனுக்கு வேணுங்கிறது நாளைக்கும் வேணும். இதையெல்லாம் அவகிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கல. பெரியாஸ்பத்திரி டாக்டர்கிட்டக் காட்டி, அவரு சொல்றபடி கொஞ்சங் கொஞ்சமாக் கொறைக்கிறோம், வலிப்பு மாத்திரையில கை வைக்க மாட்டோம்னு ஒரு தாள்ல எழுதி கையெழுத்துக் கேட்டிருக்கா. போட்டேன். படிக்கலம்மா. இருவத்திரெண்டு வருசம் எத்தனை ரிஜிஸ்தர்ல போட்டிருப்பேன், எதப் படிச்சேன்?

அஞ்சு வாரம் கழிச்சுப் போனேன். ரோட்டுல எறங்கும்போதே சத்தம். உள்ள இருந்து வருது. கல்யாண வீடா, இல்லமா? ஒருத்தன் கையத் தட்டுறான், ஒருத்தி தட்டுல தாளம் போடுறா. சாப்பாட்டு நேரம். இவன எங்கன்னு தேடுறேன், நடுவுல உக்காந்திருக்கான். முழிச்சுக்கிட்டு. தானே சாப்பிடுறானாம். முழங்கை வரைக்கும் சோறு, மூக்குல குழம்பு, சட்டையில மோர். நான் ஆறு வருசம் கரண்டியில ஊட்டி, ஒரு பருக்கை மேல சிந்தவிடாம வச்சிருந்த பிள்ளை. அதாவது பரவாயில்லன்னு பாத்தா, பக்கத்துல கழுத்து நிக்காத ஒரு பையன், முப்பது வயசு இருக்கும், வாயிலருந்து எச்சி நூலா வடியுது. இவன் என்ன பண்றான், தன் சட்டை நுனிய எடுத்து அவன் வாயத் தொடைக்கிறான். தொடச்சு விட்டு, அவன் வாயில ஒரு வாய் ஊட்டுறான். அந்த எச்சிக் கையாலேயே தானும் சாப்பிடுறான். இத ஜெபராணி சிரிச்சுக்கிட்டே பாக்குறாம்மா. நான் இஸ்திரி போட்டுக் குடுத்துவிட்ட சட்டை. அங்கனயே ஓங்கரிச்சேன்.

சாப்பிட்டு முடிஞ்சு மாத்திரை. அதுவும் ஒரு கூத்து. ஒவ்வொருத்தரும் உள்ளங்கைய விரிச்சு நீட்டணும். அதுல மாத்திரைய வைப்பாங்க. வச்ச மாத்திரைய இவங்க பாத்து, இது என்னோடதுன்னு சொல்லணும். சொன்னாத்தான் தண்ணி. பேச வராதவங்க தலைய ஆட்டணும். அரை மணி நேரம் ஆகுது. என் தம்பி கையில மத்தியான வேளைக்கு உள்ள வலிப்பு மாத்திரை, மஞ்சளு ரெண்டு வச்சா. என்னோடதுன்னான். கூடவே ஒரு செவப்ப வச்சா. வேணும்னே வச்சாம்மா, என் கண்ணு முன்னாடி. இவன் உத்துப் பாத்தான். 'இது என்னோடது இல்ல'ன்னான். எடுத்து, பக்கத்துல நின்ன சமையக்கார அம்மா கையில வச்சான். அந்தம்மா கைய மூடிக்கிட்டு, கெட்டிக்காரன்னு சொல்லி இவன் கன்னத்தத் தட்டுது. ஏன்டியம்மா இந்த வெளையாட்டுன்னு கேட்டேன். நாளப் பின்ன இவங்க எங்க இருப்பாங்களோ, யாரு கையில மாட்டுவாங்களோக்கா, தன்னோடது எது, இல்லாதது எதுன்னு தெரிஞ்சிருந்தா நல்லதுதானங்கிறா. ஒன்னோடது இல்லன்னா முழுங்காத மணி, பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்க கையில குடுத்துருன்னு தெனம் பாடமாம். மூணு வயசுப் புத்திக்குப் பாடம். கையி காலு வேர்த்துக் கெடக்கு, அதுல மாத்திரைய வச்சு ஊருக்கெல்லாம் காட்டிக்கிட்டு.

 பையில இருந்து பழத்த எடுத்துக் குடுத்தேன். சத்தியமா அதுல மாத்திரை இல்லம்மா. வெறும் பழந்தான். ஆசையா வாங்கிட்டுப் போனது. வாங்குனான். என் முகத்தப் பாத்தான். பழத்த ரெண்டாப் பிச்சான். விரல விட்டு நோண்டிப் பாத்தான், இந்தப் பாதியில, அந்தப் பாதியில. ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்ச பெறகுதான் வாயில போட்டான்.

ஆறு வருசமும் தெரிஞ்சுதான் தின்னானோ என்னமோ.

சரி அத விடுங்க. அதுக்கப்புறம் ஒண்ணு கேட்டாம்மா. ஆறு வருசமாக் கேக்காத கேள்வி. பத்து பேருக்கு முன்னாடி, வாயில பழத்த வச்சுக்கிட்டு, 'அக்கா, அம்மா எங்க'ன்னான்.

 ஊருக்குப் போயிருக்குடான்னேன். வேற என்ன சொல்ல? ஜெபராணி என்னைய ஒரு பார்வை பாத்தா. பெறகு பக்கத்துல வந்து மெதுவாச் சொல்றா, "சொல்லிருங்கக்கா. அழுவான். அழுதா நாங்க இருக்கோம்." யாரு அம்மா சாவ யாரு சொல்லச் சொல்றது?  இவன் எந்திரிச்சுப் போயி வெளிக்கேட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டான். ஊருக்குப் போனது வரும்ல, அதுக்கு. மணி ரெண்டு இருக்கும். கூப்பிட்டா வரல. டீ குடுத்தாங்க, திரும்பல. ஒவ்வொரு பஸ்ஸு நிக்கும்போதும் எக்கி எக்கிப் பாக்கிறான். கடைசியில என் பஸ்ஸுக்கு நேரமாச்சு, நான் அந்தக் கேட்டுலதான வெளிய வரணும்? அவன ஒதுக்கி விட்டுட்டு வந்தேன். ஒதுங்குனான். ஒதுங்கிட்டுத் திரும்பவும் பிடிச்சுக்கிட்டான். அஞ்சரை மணி.

எனக்கு அன்னைக்கு வந்த அருவருப்பு மாதிரி வாழ்க்கையில வந்ததில்லம்மா. சீப்பப் பாத்தப்ப வரல, லுங்கிக்காரனப் பாத்தப்ப வரல. யார் மேலன்னு கேக்குறீங்களா? அவ மேலதான். வேற யார் மேல வரும்? ஆறு வருசம் நான் கட்டிக் காத்த அமைதிய அஞ்சு வாரத்துல கெடுத்து வச்சிருக்கா. தூங்குற பிள்ளைய எழுப்பி, கேள்வி கேக்கக் கத்துக் குடுத்து. அவளுக்கென்ன, பதில் சொல்றது நானு.

மறுநாளே போயிக் கூட்டியாந்துட்டேன்.  இன்னும் ஒரு மாசம் விட்டுப் பாருங்கக்கான்னு அவ ரெண்டு தடவை சொன்னா. அந்த எச்சிப் பையன் இவன் சட்டையப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கிறான். விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தேன். வீட்டுக்கு வந்து கைய டெட்டால் போட்டுக் கழுவுனேன்.

வந்து பழைய சீட்டுப்படி ஆரம்பிச்சேன். லேசுல அடங்கலம்மா. தெனமும் அம்மா எங்க, அம்மா எங்கன்னு. ஒண்ணு வைக்கிற எடத்துல ரெண்டு வச்சேன். பழத்தப் பிக்கிறான்னு கேப்பைக் கூழுல நுணுக்கிக் கலந்தேன். பத்து நாளாச்சு. பதினோராம் நாள் கேக்கல. இந்தா, இப்ப பாருங்க. சாமி மாதிரி உக்காந்திருக்கான். கேக்குறானா?

நாலாவது எடத்துக்குத்தான் இப்பப் போறோம். நத்தத்துல எறங்கி ஆட்டோ. போன வாரம் பாத்துட்டு வந்தேன். அதத்தாம்மா இல்லம்னு சொல்லணும். சாயங்காலம் நாலு மணி. நாப்பது பேரு இருக்காங்க. ஒரு சத்தம் இல்ல. வரிசையாக் கட்டிலு, போர்வையில ஒரு சுருக்கம் இல்ல. எல்லாரும் படுத்திருக்காங்க. ஒருத்தராவது நிமிர்ந்து யாரு வந்திருக்கான்னு பாக்கணுமே, ம்ஹூம். பினாயில் வாசம். தரையில சோத்தப் போட்டு எடுத்துத் திங்கலாம், அவ்வளவு சுத்தம். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. மேனேசரு என் சீட்டத்தான் பாத்தாரு. மேலயும் கீழயும் திருப்பிப் பாத்தாரு. 'மேடம், எல்லாரும் இப்படிக் கொண்டாந்தா எங்களுக்கு வேலையே இல்ல'ன்னு சொல்லி அவரே போட்டோ எடுத்து வச்சுக்கிட்டாரு. பதினஞ்சு நாளப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. நாகரிகம் தெரிஞ்ச மனுசன். பாக்க வாரதா இருந்தா ஒரு நாள் முன்னாடி போன் பண்ணிட்டு வாங்கன்னாரு. அதுவும் நியாயந்தான.

பஸ்ஸு ஏன் இவ்வளவு நேரம் நிக்குது? ரோட்டத் தோண்டிப் போட்டிருக்கானா. இவனுக இப்பத்தான் தோண்டுவானுக. நான் ரெண்டு மணி நேரக் கணக்கு வச்சுல்ல மாத்திரை குடுத்தேன். போய்ச் சேரும்போது முழிச்சிருந்தா மேனேசரு என்ன நெனப்பாரு? அமைதியான ஆளுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

பாத்தீங்களா, பேசிக்கிட்டு இருக்கும்போதே அசையுறான். டேய் மணி. என்னடா. ஒண்ணுமில்லடா, நத்தம் வரப்போகுது, படு. வெளிய என்னத்தப் பாக்கிற? அங்க ஒண்ணும் இல்ல. அம்மா இல்லடா அது, யாரோ பொம்பள, பஸ்ஸுக்கு நிக்குது. ஐயோ, ஆரம்பிச்சிட்டாம்மா. சத்தம் போடாதடா, எல்லாரும் பாக்குறாங்க. இரு, அக்கா பழம் தாரேன்.

அந்தப் பையக் கொஞ்சம் நகத்துங்கம்மா. அடியில இருக்கு, உரிச்சுத் தயாரா வச்சிருக்கேன். முன்யோசனை இல்லாம நான் வீட்ட விட்டுக் கிளம்ப மாட்டேன். இந்தாடா. முழுசா வாயில போடு. பிக்காதடா. பிக்காதங்கிறேன்ல. டேய்.

பாருங்க, பாருங்க அந்த அசிங்கத்த. விரல விட்டு நோண்டுறான். பழமெல்லாம் மடியில கொழகொழன்னு. இதத்தாம்மா அவ கத்துக்குடுத்து அனுப்பியிருக்கா. முழுங்குடா அத. அக்கா சொல்றேன்ல, ஒன்னோடதுதான். உள்ளங்கையில வச்சுக்கிட்டு என்ன ஆராய்ச்சி? யாருகிட்டடா நீட்டுற? என்னைய ஏன்டா தாண்டிப் போற? அந்தம்மாவத் தொடாத, நல்ல சேலை கட்டியிருக்காங்க. மன்னிச்சுக்கிருங்கம்மா, அவனுக்கு ஒண்ணும் தெரியாது.

என்ன சொன்னான்? எனக்கும் கேட்டுச்சு. அவன் அப்படித்தான் சொல்லுவான், என்னோடது இல்ல, என்னோடது இல்லன்னு. கிளிப்பிள்ளை பாடம். அதக் காதுல போட்டுக்காதீங்க.

மாத்திரைய இங்க குடுங்கம்மா. பழம் ஒட்டிக்கிட்டுப் பிசுபிசுன்னுதான் இருக்கும். பரவாயில்ல, முந்தானையில ஒரு தொடை தொடச்சு நான் குடுத்துக்கிறேன். மூக்கப் பிடிச்சா வாயத் தொறந்துருவான். வண்டி வேற கிளம்பப் போகுது.

குடுங்கம்மா.

ஏம்மா, கைய எதுக்கு மூடிக்கிட்டீங்க?